முயற்சிகள்: ஒன்று

ஹைமா மருத்துவமனையின் பின்பக்கம்
ஜெனரேட்டர் அறைக் கதவைத் திறந்தேன்.
வெளியே நாற்பத்தாறு, உள்ளே அதைவிடக் கொஞ்சம்.
கட்டுப்பாட்டுப் பெட்டியின் திரை
உள்ளங்கையில் பாதி.
மணலைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டுக்
கடவுச்சொல் தட்டினேன்.
இன்னும் அதே நான்கு எண்கள்.

மின்சாரம் போனதும் எத்தனை நொடி பொறுப்பாய்?
ஐந்து.
கண் சிமிட்டிவிட்டு வரும் மின்சாரத்துக்கெல்லாம்
அலறி எழும்பக் கூடாது.
எழுந்தபின், சுமையை வாங்குமுன்?
இருபது.
எண்ணெய் மேலேறி எல்லா மூட்டுக்கும் போய்ச் சேரட்டும்.
மின்சாரம் திரும்பிவிட்டால்?
ஐந்து நிமிடம் நம்பாதே.
நம்பிய பிறகும் மூன்று நிமிடம் வெறுமனே ஓடி
சூடு தணிந்து நில்.

இப்படிப் பேசிக்கொண்டேதான் வேலை செய்வேன்.
கம்பெனி வேனில் இதற்கொரு கேலிப்பெயர் உண்டு.

வாராந்திர ஒத்திகை ஓட்டம்:
திங்கள், காலை பத்து.
"அது வேண்டாம், கேட்டேரா"
வாசலில் லில்லி புஷ்பம் சிஸ்டர், மார்த்தாண்டம்.
"திங்கக்கிழமை பத்து மணிக்குத்தான் டயாலிசிஸ்.
இந்தச் சத்தம் கேட்டா கரண்டு போச்சுன்னு
ஒரு பதூ கிழவரு ஊசியப் பிடுங்கப் பாக்கியாரு."
புதன், மாலை நான்கு என்று மாற்றினேன்.

அவர் போகவில்லை.
"போன ஜூலையில இது ஸ்டார்ட் ஆவல்ல, தெரியுமா?"

நிகழ்வுப் பதிவைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனேன்.
ஜூலை பதினொன்று, 02:14. தொடங்கத் தவறியது.
02:55. பிரதான மின்சாரம் வந்தது.
இரண்டு வரிகள், ஒட்டி ஒட்டி.

நடுவில் இருந்ததை அவர் சொன்னார்.
சலாலா சாலையில் ஒட்டகத்தில் மோதிய லாரி டிரைவர்.
வென்டிலேட்டரின் பேட்டரி
ஒன்பதாவது நிமிடம் கைவிட்டது.
ரப்பர் பையை அமுக்கத் தொடங்கியவர்
கை மரத்துப்போனதும் துப்புரவு ஷொஹேலிடம் கொடுத்தார்,
ஷொஹேல் ஆம்புலன்ஸ் ஓட்டும் மப்கூத்திடம்,
மப்கூத் திரும்ப அவரிடம்.
செல்போன் வெளிச்சத்தில்
மூன்று மொழிகளில் எண்ணிக்கை.
"ஆளு பொழச்சு நடந்துதான் போனாரு.
ஒரு தேங்க்ஸ் கூடச் சொல்லல்ல.
பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?"

தொடக்க அமைப்புகளுக்கு வந்தேன்.
முயற்சிகள்: ஒன்று.
மூன்று இருக்க வேண்டிய இடம்.
பத்து நொடி சுழற்று, பத்து நொடி ஓய்வு,
இன்னொரு தரம், அப்புறம் இன்னொரு தரம்.
வயதான டீசல் எஞ்சினுக்குக் கொடுக்கிற
குறைந்தபட்ச மரியாதை.
எந்த மடையன் இதை என்று வாயெடுத்தவன்
பேட்டரிமேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன்.
பொருத்திய தேதி, பிப்ரவரி.
கையெழுத்து தமிழில்.
த-வுக்கு இவ்வளவு நீள வால்
நான் மட்டும்தான் போடுவேன்.

புது பேட்டரியைச் சோதிக்கும்போது
டீசலை அடைத்துவிட்டுச் சுழற்றிப் பார்ப்பது வழக்கம்.
வீணாக மூன்று தரம் இழுக்க வேண்டாமென்று ஒன்றாக்குவேன்.
முடிந்ததும் மறுபடி மூன்று.
அன்று அஸர் பாங்கு கேட்டது, வேன் ஹார்ன் அடித்தது,
முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது.
அடுத்த மாதமே ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குப் போனது.
இந்த வாரம்தான் எங்களிடம் திரும்பியிருக்கிறது.

மூன்று. சேமிக்கவா? ஆம்.
"ஐசியூவுல யாருமில்ல, எறக்கிப் பாரும்" என்றார்.
ஆட்டோவில் வைத்து, பிரேக்கரை இறக்கினேன்.
ஐந்து நொடி.
சுழன்றது. பற்றவில்லை.
ஓய்வின் பத்து நொடியை
விரல் மடக்காமல் எண்ண முடியவில்லை.
இரண்டாம் தரம் இருமிப் பிடித்துக்கொண்டது.

அந்த இரைச்சலுக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது:
"சிஸ்டர், அந்த ஒண்ணை வெச்சது நான்தான்!"

வலது மணிக்கட்டை இடது கையால்
பிடித்துக்கொண்டு நின்றார்.
"இப்ப எத்தன?"
"மூணு."
"கதவுல எழுதி வையும்."

பிரேக்கரை ஏற்றிவிட்டு மார்க்கரை எடுத்தேன்.
அடுத்து வருபவன் எந்த மொழிக்காரனோ,
எண்ணை மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு எழுதினேன்.
கீழே பெயர், தமீம். தேதி.
மை காய்ந்தது. சிஸ்டர் வார்டுக்குப் போய்விட்டார்.
சுமை இறங்கிய எஞ்சின்
தன் மூன்று நிமிடத்தை
இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.